‘பவர் கட்’டுக்கு வந்த முதல் தமிழ் விமர்சனம்

“‘கீபோர்டுக்குள்ளே ஒரு மனசு உட்கார்ந்து வாசித்த மாதிரி இருக்கிறது. இந்த வருடத்தின் கேசட் இதுதான்!’” என்று தமிழ்ப் பத்திரிகையிலிருந்து உரக்க வாசித்து, ரயீஸ் கடைசி வரியில் விரலை வைத்து நிறுத்தினான்.

மட்டாஞ்சேரியில் பிஜுவின் கேசட் கடைக்குள் நெருக்கியடித்து நின்ற ரசிகர் மன்றம் ‘ஹோ’வென்று கத்தியது. ‘ரெண்டு கட்டை’ என்ற அந்த கீபோர்டு ஜோடியின் புதுக் கேசட் ‘பவர் கட்’ கொச்சிக்கு வர இன்னும் ஒரு வாரம் இருந்தது. அதுவரை மன்றத்துக்கு விமர்சனம்தான் சோறு, விமர்சனம்தான் தண்ணி.

“கேட்டியாடா ரதீஷே? உன் இங்கிலீஷ் பேப்பர்காரன் ‘தூக்கம் வருது’ன்னு எழுதினானே, அவனுக்குக் காது செவிடுடா!” என்றான் பிஜு.

ரதீஷ் விடவில்லை. “போன கேசட்டை மிஷின் சத்தம்னு எல்லாரும் திட்டினப்ப அவன் ஒருத்தன்தானே புகழ்ந்தான்? மூணாவது பாட்டு பழைய பாட்டு மாதிரியே இருக்குங்கறான். அதுக்குத் தமிழ்க்காரன் என்ன சொல்றான்?”

“அதுவா… இருக்கறதுலயே அதான் பெஸ்ட்டாம்,” என்றான் ரயீஸ். காது மடல் சுட்டது.

சுடாமல் என்ன செய்யும்? வீட்டில் பேசுவது தமிழ், பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம். தமிழில் அவனுக்கு ‘அ’னா கூடத் தெரியாது. கையிலிருந்த பத்திரிகையில் அவனுக்குப் புரிந்தது அந்த ஜோடியின் படம் மட்டும்தான்.

மன்றத்தில் மற்றவர்கள் கதையும் அதேதான். அந்தத் தைரியத்தில் ‘எனக்குத் தமிழ் வாசிக்க வரும்’ என்று என்றோ அவன் விட்ட ஒரு புருடா, அவனை மன்றத் தலைவராகவே ஆக்கிவிட்டது. இன்று இங்கிலீஷ் பேப்பரைப் பார்த்து எல்லார் முகமும் தொங்கிப்போயிருந்ததைப் பொறுக்க மாட்டாமல், வாய்க்கு வந்ததை அளந்துவிட்டான்.

“நம்ம ரஹீனா கோயம்புத்தூர்ல காலேஜ் படிச்சவதானே? அவளும் ஒருக்கா வாசிக்கட்டும்,” என்றான் ரதீஷ்.

ரயீஸ் பத்திரிகையைச் சட்டென்று மடித்தான். போச்சு, மானம் கப்பலேறப் போகுது! தலைவர் பதவி கிடக்கட்டும், நாளை முதல் இந்தக் கடைப் படியில் எந்த முகத்தோடு கால் வைப்பது?

மன்றத்துக்குப் புதிதாக வந்த ரஹீனா, “ரயீஸிக்கா வாசிச்சது போதாதா?” என்று அண்ணன் முறை சொல்லிப் பின்வாங்கப் பார்த்தாள். ரதீஷ் கேட்டால்தானே! பத்திரிகையைப் பிடுங்கி அவள் கையில் திணித்தான்.

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள். கண் பாதி நேரம் படத்தின் மேலேயே இருந்தது, வாய் மட்டும் எங்கும் தடுக்கவில்லை. கீபோர்டுக்குள் மனசு, இந்த வருடத்தின் கேசட், மூன்றாவது பாட்டு பிரமாதம் என்று ரயீஸ் அளந்த அத்தனையும் அப்படியே வந்தது. போதாததற்கு, “கேட்பவர் கண் கலங்கும்” என்று ஒரு வரி உபரியாக வேறு!

“அடிபொளி!” என்று பிஜு ரயீஸைக் கட்டிக்கொண்டான். ரதீஷோ அவன் கையைப் பிடித்து, “சந்தேகப்பட்டது தப்புதான், மன்னிச்சுக்கடா,” என்றான்.

அந்த மன்னிப்புதான் ரயீஸைக் கொன்றது. அவனுடைய மானத்துக்காக ஒரு பெண் இத்தனை பேர் முன்னால் பொய் சொல்லியிருக்கிறாள். அவனோ வெட்கமில்லாமல் பாராட்டு வாங்கிக்கொண்டு நிற்கிறான். சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்று தன் மேலேயே அவனுக்குக் காறித் துப்பத் தோன்றியது.

ரஹீனா படகுத்துறைக்குத் தனியாக நடந்தபோது, பத்திரிகையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினான்.

“ரஹீனா, நில்லு. எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. நான் சொன்னதெல்லாம் கள்ளம். நீ நினைச்சிருந்தா அங்கேயே என்னை நாறடிச்சிருக்கலாம், செய்யலை. உன் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூசுது.”

அவள் வாயைத் திறந்தாள். ரயீஸ் பேச விடவில்லை.

“நாளைக்கு அவங்ககிட்ட நானே எல்லாத்தையும் சொல்லிடறேன். அதுக்கு முன்னாடி, இதுல நிஜமா என்னதான் எழுதியிருக்குன்னு நீ சொல்லு. திட்டியிருந்தாலும் பரவால்ல.”

பத்திரிகையை அவளிடம் நீட்டினான். ரஹீனாவின் முகம் வெளிறிப்போனது.

“அய்யோ இக்கா, எனக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாதே!”