பசை படாத புத்தகம்

அந்த நூலகத்தில் எதைப் படிக்கலாம் என்று எல்லோரும் கேட்பது நூலகரிடம் அல்ல; கிழிந்த புத்தகங்களை ஒட்டிக்கொடுக்கும் அக்காவிடம்தான்.

“கடைசிப் பக்கம்வரைக்கும் அழுக்கா இருந்தா நம்பி எடுத்துட்டுப் போங்க. அழுக்கு பாதியில நின்னுட்டா, படிச்சவங்க தூங்கிட்டாங்கன்னு அர்த்தம்” என்பாள். அவள் கணக்கு தப்பியதே இல்லை.

ஒருநாள், அதிகம் பேசாத தாடிக்காரர் ஒரு நாவலை அவள் மேசையில் வைத்தார்.

“இப்போ இதைத்தான் படிச்சிட்டிருக்கேன். நாலு பேருக்குச் சொல்லுங்களேன்.”

“இதையா? ஒன்பது வருஷத்துல ஒருதடவைகூட என் பசை இதுமேல பட்டதில்ல சார். விலை கேட்டுட்டுப் போறவங்க மாதிரி, எடுத்துப் பாத்துட்டு வெச்சிடறாங்க.”

அவர் அட்டையிலிருந்த தூசியைத் தன் சட்டையில் துடைத்தார். பிறகு புத்தகத்தைத் தன் பெயரில் எடுத்துக்கொண்டு போனார்.

மறுவாரம் அது முதுகு பிரிந்து, முனைகள் மடங்கி, கடைசிப் பக்கம்வரை அழுக்கோடு திரும்பி வந்தது.

“வீட்ல ஆளாளுக்குப் பறிச்சுப் பறிச்சுப் படிச்சாங்கம்மா. இனிமே சொல்லலாமில்ல?”

அக்கா புரட்டிப் பார்த்தாள். எல்லாப் பக்கத்திலும் ஒரே பெருவிரலின் அழுக்குத் தடம், ஒரே இடத்தில். கடைசி உள்ளட்டையில் எழுதியவரின் படம் இருந்தது. படத்தில் தாடி இல்லை. ஆனால் அந்தக் கண்கள் எதிரில் நின்றவருடையவை.

அவள் தலைநிமிரவில்லை. பசையைத் தொட்டுப் புத்தகத்தின் முதுகில் தடவினாள்.

“சொல்றேன் சார். இத்தனை வருஷத்துல எந்தப் புத்தகத்தையும் நான் படிச்சுட்டுச் சொன்னதில்ல. இதைப் படிச்சுட்டே சொல்றேன்.”