சுண்டுவிரல் மை

"மருந்து குடிச்ச பிள்ளைக்குத்தான நர்ஸம்மா கால் வெளங்காமப் போச்சு? எம்பிள்ளைக்கும் அதையே ஊத்த வந்துட்டீகளாக்கும்?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினாள் பூமாரி. அந்தத் தெருவில் அது ஒன்பதாவது கதவு.

ஒரு தடவை குடித்தால் போதாது என்று பாஜிலா சொல்லிப் பார்த்தாள். யார் காதிலும் ஏறவில்லை.

போலியோ முகாமுக்கு மறுநாள், வீடு வீடாகப் பார்த்து வந்தவள் அவள்தான். நான்கு வயது யுவராணியின் இடது சுண்டுவிரலில் மை இருந்தது. குடித்த பிள்ளை என்று கடந்து போனாள். மறுமாதமே அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து வலது கால் துவண்டது. போலியோதான் என்று பரிசோதனைச் சீட்டும் வந்துவிட்டது. அன்றிலிருந்து கண்ணை மூடினால் அந்த விரல்தான் எதிரே வந்து நிற்கிறது.

முகாம் நடந்தது சுருளியாண்டி வீட்டு வாசலில். மருந்துப் பெட்டிக்கு ஐஸ் உறைந்ததும் அந்த வீட்டு ஃபிரிட்ஜில்தான். அவருடைய பங்காளி நல்லகண்ணு அங்கே பச்சைத் தண்ணீர் தொட்டு முப்பது வருடம் இருக்கும். அப்பேர்ப்பட்டவர் வீம்பை விட்டுப் பேத்தி யுவராணியை அனுப்பினாரே என்று பாஜிலா அன்று மனதுக்குள் கும்பிட்டிருந்தாள்.

தெருக்கோடியில் நல்லகண்ணு வீடு. கேரளாவுக்குப் போகும் ஏலக்காய் மூட்டைகளில் மைக்குச்சியால் குறி வைத்துக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து பார்த்தார். பெரியவர் என்ன சொல்கிறார் என்று கேட்கப் பூமாரியும் நாலைந்து பெண்களும் பின்னாலேயே வந்து நின்றார்கள்.

"வாங்கத்தா. உங்க மேல எனக்கு வருத்தமில்ல."

"ஐயா, நீங்க ஒரு வார்த்தை சொன்னாத் தெரு கேக்கும். பத்தொம்பது பிள்ளைக பாக்கி. கிருமி இங்கனதான் சுத்துது."

"எந்த வாயால சொல்ல? எங்க வீட்டுப் பிள்ளைக்கே பலிக்காத மருந்த ஊராம் பிள்ளைக்கு ஊத்தச் சொல்லவா?"

பெண்கள் தலையாட்டினார்கள். பாஜிலா பெட்டியைத் தூக்கினாள்.

உள்ளே தரையில் ஏதோ உரசும் சத்தம் கேட்டது. யுவராணி சுவரைப் பிடித்தபடி காலை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பெட்டியைப் பார்த்ததும் சுண்டுவிரலை நீட்டினாள், பாஜிலாவிடம் அல்ல.

"தாத்தா, அன்னைக்கு மாதிரி நீயே மை வச்சு விடு."