நாற்பதாயிரத்துக்கு மருந்து பில்

“அந்த மருந்துக் கடைக்காரன் வாயைத் திறந்துட மாட்டானே?” மாடிப்படி மறைவில் நின்று, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டார் ஸ்டோர்கீப்பர்.

“மாட்டார். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு முதல்லயே சொல்லி வச்சிருக்கேன்” என்றாள் மனைவி. “ஏங்க, எதுவும் பிரச்சினையா?”

“சம்பளப் பிரிவு அதிகாரி கூப்பிட்டிருக்கார். என் பில்லை மட்டும் தனியா எடுத்து வச்சிருக்காராம். என் தலையில கல்லைப் போட்டுட்டியே!”

அவளைத் திட்டி என்ன பயன்? சம்பளத்தில் ஒரு பகுதியை மருத்துவச் சலுகையாக எழுதி வாங்கிக்கொண்டவர் அவர்தான். பில் காட்டினால் அந்தப் பணத்துக்கு வரி கிடையாது. காட்டாவிட்டால் மொத்தத்துக்கும் வெட்டு.

‘எங்கேயாவது நாற்பதாயிரத்துக்கு மருந்து பில் தேத்திக் கொடு’ என்று போன வாரம் மனைவியை நச்சரித்தார். மகராசி, கொஞ்ச நாளாக வளையல் போடாத கையால் மறுநாள் காலையே ஒரு கட்டை நீட்டினாள். தொகையைக் கூட்டிப் பார்த்ததோடு சரி, மருந்துப் பெயரையெல்லாம் யார் படித்தார்கள்?

போலி பில் கொடுத்த ஓட்டுநரைப் போன வருஷம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள்; இந்த வயதில் வேறு யார் வேலை கொடுப்பார்கள்?

அதிகாரியின் மேஜையில் அதே கட்டு விரிந்து கிடந்தது.

“உட்காருங்க. இந்தக் கடைக்கு நானே போன் பண்ணி விசாரிச்சேன். முதல்ல மழுப்பினார், கம்பெனின்னதும் எல்லாத்தையும் சொல்லிட்டார்.”

அவ்வளவுதான், ஸ்டோர்கீப்பர் கையெடுத்துக் கும்பிட்டார். “சார், புத்தி கெட்டுப்போய்ப் பண்ணிட்டேன்! அத்தனையும் போலி. வரிக்குப் பயந்து நான்தான் என் வீட்டுக்காரியை வாங்கிட்டு வரச் சொன்னேன். வேலையில மட்டும் கை வச்சுடாதீங்க!”

அதிகாரி விழித்தார். “போலியா? மாசாமாசம் அவங்களே டாக்டர் சீட்டோட வந்து வாங்கியிருக்காங்களே! கடும் நோய்னா வரி இன்னும் குறையும். அதுக்கு டாக்டர் சான்றிதழ் கேட்கத்தான் கூப்பிட்டேன்.”

“யாருக்கு சார் நோய்?”

நோயாளி என்று அவர் மனைவியின் பெயர் இருந்த ஒரு பில்லை அதிகாரி மெல்ல அவர் பக்கம் நகர்த்தினார்.

“இது ரத்தப் புற்றுநோய்க்கான மாத்திரை... வீட்ல உங்ககிட்ட சொல்லவே இல்லையா சார்?”