பெரியாயியின் டப்பி

"உள்ளதை உள்ளபடி சொல்லு, பெரியாயி. உனக்காகத்தான் டாக்டர் துரை பதுளையிலயிருந்து குதிரை ஏறி வந்திருக்கிறார்" என்றார் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் சிதம்பரநாதன்.

பெரியாயிக்கு இரண்டு பக்கமும் இடி. உள்ளதைச் சொன்னால் தோட்டத்தில் பேரை வெட்டி வெளியே அனுப்பிவிடுவார்கள். சொல்லாவிட்டால் கோழி செத்துப்போகும்.

விஷயம் இதுதான். இலங்கையில், நமுனுகுல மலைச்சரிவில் இருந்த அந்தத் தோட்டத்துக் கூலிகளின் வயிற்றிலிருந்து கொக்கிப்புழுவை ஒழித்துவிடுவது என்று அரசாங்கம் கிளம்பியிருந்தது. ஆளுக்கு ஒரு தகர டப்பி. அதன்மேல் பேர் எழுதிய சீட்டு. மறுநாள் காலையில் அவரவர் மலத்தை அதில் கொண்டுவர வேண்டும் என்று உத்தரவு.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் சனமெல்லாம் வெட்கத்தில் நெளிந்தது. யாழ்ப்பாணத்துக்காரரான டிஸ்பென்சர்தான் தன் டப்பியை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினார். படித்த நானே கொடுத்துவிட்டேன், உங்களுக்கு என்ன வந்தது என்று அதட்டினார். உண்மையில் வெட்கத்தைவிட எண்ணெய்க்குத்தான் எல்லோரும் பயந்தார்கள். புழு இருப்பதாகத் தெரிந்தால் ஒரு எண்ணெய் கொடுப்பார்கள். அதைக் குடித்த பக்கத்துத் தோட்டத்துக் கங்காணி இரண்டு நாள் சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்தாராம்.

பெரியாயிக்கு எண்ணெயைப் பற்றிய நினைப்பே இல்லை. அவளுடைய செவலைக் கோழி நாலு நாளாக ரத்தமாகக் கழிந்துகொண்டிருந்தது. அடுத்த மாதம் மகள் பிரசவத்துக்கு வருகிறாள். கோழி போய்விட்டால் பிள்ளை பெற்றவளுக்கு ஒரு முட்டை அவித்துக் கொடுக்கவும் வழியில்லை. டிஸ்பென்சரிடம் ஓடிப்போய் மருந்து கேட்டாள்.

"என்ரை கோழியே சாகக் கிடக்குது. மருந்தெல்லாம் மனுசருக்குத்தான், போ" என்று அவர் விரட்டிவிட்டார்.

மனுசருக்குத்தான் மருந்து என்றால் மனுசர் பேரிலேயே கேட்டுவிடுவோம் என்று பெரியாயி முடிவு செய்தாள். தன் டப்பியில் கோழியின் எச்சத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

மூன்றாம் நாளே இரண்டு டப்பிகளோடு வெள்ளைக்கார டாக்டர் வந்து இறங்குவார் என்று அவள் கனவு கண்டாளா? அவர் ஒரு டப்பியைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு, பெரியாயி பேர் போட்டதை மேசைமேல் வைத்தார். அவர் இங்கிலீஷில் கேட்க, டிஸ்பென்சர் தமிழில் கேட்டார்.

"எத்தினை நாளா வயித்தாலை போகுது?"

"ஏழு நாளாங்க. ரத்தமும் சளியுமா."

"என்ன சாப்பாடு?"

பெரியாயி யோசித்தாள். மருந்து சரியாக அமைய வேண்டுமானால் கோழி தின்பதைத்தான் சொல்லியாக வேண்டும். "குருணைங்க. அப்புறம் குப்பையக் கெளறி என்ன கெடைக்குதோ அது. கறையான்னா ரொம்பப் புடிக்கும்."

"உனக்கென்ன விசரே?" என்று டிஸ்பென்சர் பல்லைக் கடித்தார். ஆனால் துரை காத்துக்கொண்டிருந்ததால் அதை அப்படியே இங்கிலீஷில் சொல்லித் தொலைத்தார். டாக்டர் சிரிக்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு நோட்டில் எழுதினார்.

படுப்பது எங்கே என்று அடுத்த கேள்வி வந்தது. கூடையில் என்றாள். பெற்றது எத்தனை என்றதற்குப் பதினொன்று, அதில் இரண்டைக் கீரி தூக்கிக்கொண்டு போய்விட்டது என்றாள். டிஸ்பென்சருக்கு வியர்த்துவிட்டது. டாக்டரோ, இந்தப் பக்கம் கீரித் தொல்லை அதிகம்தான் என்று வருத்தப்பட்டார்.

"மந்தமா ஒரே இடத்தில குந்திக்கொண்டு இருக்கிறியோ?"

"ஆமாங்க. ரெக்கைய..." பெரியாயி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "கையத் தொங்கப் போட்டுக்கிட்டு, கண்ண மூடி மூடித் தொறந்துக்கிட்டு."

டாக்டருக்குப் பரம திருப்தி. கழிச்சலை நிறுத்தும் காசுக்கட்டித் தூள் பொட்டலம் ஒன்றை எடுத்துக் கொடுத்து, கஞ்சித் தண்ணீரில் கலந்து காலையும் மாலையும் கொடுக்கச் சொன்னார். குணமாகும்வரை மற்றவர்களோடு சேராமல் தனியாக இருக்க வேண்டும். கூடையில் தினமும் புதுச் சாம்பல் போட வேண்டும்.

"இனிமேல் தண்ணிச் சட்டிக்குள்ள காலை வைச்சுக்கொண்டு நிக்கக் கூடாதாம்" என்று டிஸ்பென்சர் ஈனஸ்வரத்தில் மொழிபெயர்த்தார்.

"நிக்க விடமாட்டேங்க" என்றாள் பெரியாயி. தன் கோழியைக் கண்ணால் பாராமலே இத்தனையும் சொல்கிறாரே, இவரல்லவா டாக்டர் என்று அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பொட்டலத்தை மடியில் முடிந்துகொண்டு கும்பிடு போட்டுவிட்டு லயத்து வீட்டைப் பார்த்து ஓடினாள்.

டிஸ்பென்சர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். இத்தனை வருஷம் மருந்து கலக்கியும் தனக்கு வைத்தியம் பிடிபடவில்லை என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

டாக்டர் நோட்டை மூடினார். "நோயாளியைக் கொண்டு வராமல் அந்த அம்மாளைக் கூட்டி வந்துவிட்டீர். பரவாயில்லை, தன் கோழியைப் பற்றி நன்றாகவே பதில் சொன்னாள். இந்த இரண்டிலும் இருப்பது கோழி எச்சம் என்று பதுளையில் பார்த்ததுமே, கால்நடை டாக்டரான என்னிடம் தள்ளிவிட்டார்கள். எங்கள் ஊரிலும் கோழிகளுக்குப் பேர் வைத்துத்தான் வளர்ப்போம்" என்றவர், கோட்டுப் பையிலிருந்த மற்ற டப்பியை எடுத்துச் சீட்டை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"அடுத்தது, சி-தம்-பர-நாதன். வியாதி இதற்குத்தான் முற்றியிருக்கிறது. எங்கே, இந்தக் கோழியையாவது பிடித்துக்கொண்டு வாரும்."