காலைப் பிரார்த்தனை

"மூணு வருசமா ஒரு வார்த்தை அதிகம் பேசாத பொண்ணு இவ. இன்னிக்குக் காலையில பிரார்த்தனையில எல்லாரும் பாத்துக்கினு இருக்கும்போது எழுந்து நின்னு, 'சாமியே இல்ல'ன்னுட்டா" என்றார் ஆசிரமப் பள்ளித் தலைமையாசிரியை காந்திமதி.

சங்கரலிங்கத்துக்கு உடம்பு கூசியது. போன் வந்ததும் நிலக்கரி மைன்ஸில் முதல் ஷிஃப்டைப் பாதியில் விட்டுவிட்டு, அடித்துப் பிடித்து வந்திருந்தார். மகள் இளவேனில் சுவரோரம் தலைகுனிந்து நின்றாள்.

டவுன்ஷிப் பள்ளியில் படித்தவரை அவளுக்கு வாய் ஓயாது. ஹோம்வொர்க் எதற்கு என்று டீச்சரைக் கேட்பாள். சாமிக்கு எதற்கு அர்ச்சனைச் சீட்டு என்று குருக்களைக் கேட்பாள். சொந்தக்காரர்கள் சிரிக்கவே, மானம் போகிறதென்று ஏழாம் வகுப்பில் இந்த விடுதியில் கொண்டுவந்து தள்ளினார்.

பெண் அடங்கிப்போனாள். லீவுக்கு வீட்டுக்கு வந்தால் தண்ணீர் குடிக்கக்கூட அனுமதி கேட்டாள். அந்தப் பெருமையை அவர் ஷிஃப்ட் பஸ்ஸில் பேசாத நாளில்லை. சின்னவள் திலகவதியையும் இங்கேயே சேர்க்க விண்ணப்பம் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தார்.

இப்போது எல்லாம் பாழ். பெற்ற மகளை மூன்று வருஷம் பிரிந்திருந்தது எதற்காக?

மன்னிப்புக் கேட்டால் போதும், வெளியே அனுப்ப மாட்டோம் என்றார் காந்திமதி. காலையிலிருந்து எவ்வளவு கேட்டும் அவள் வாயைத் திறக்கவில்லையாம்.

சங்கரலிங்கம் விண்ணப்பத்தை எடுத்து நாலாகக் கிழித்தார்.

"இங்க இருந்தவளே இப்படின்னா, சின்னவள எதுக்குங்க சேர்க்கணும்? அவ வீட்டுல இருந்தே டவுன்ஷிப் ஸ்கூலுக்குப் போகட்டும்."

அதைக் கேட்டதும் இளவேனில் நிமிர்ந்தாள். நேராகப் போய்த் தலைமையாசிரியையின் காலில் விழுந்தாள்.

"மன்னிச்சிருங்க மேடம், நான் சொன்னது பொய். இங்க தெனமும் நான் சாமிகிட்ட மட்டும்தான் பேசுறேன்."

பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"தங்கச்சியையும் இங்க சேர்க்கப் போறேன்னு போன்ல சொன்னீங்கல்லப்பா, அதத் தடுக்க எனக்கு வேற வழி தெரியல. அவளாவது அம்மா பக்கத்துல படுத்துத் தூங்கட்டும்."