பார்ஜான்

“இவங்க பேரு என்ன, சொல்லு” என்று மொழிபெயர்ப்பாளன் என்னைக் கைகாட்டி கெஞ்சேயிடம் கேட்டான்.

செங்கல் அச்சு என் கையிலேயே நின்றுவிட்டது. வரிசையில் மற்றப் பெண்களும் களிமண்ணை அப்படியே போட்டுவிட்டு நிமிர்ந்தார்கள்.

அதுவரை கெஞ்சே தப்பித்து வந்திருந்தான். ஊர் எது, அப்பா என்ன செய்தார், வீட்டில் எத்தனை ஆடு என்று கேட்டதற்கெல்லாம் நிதானமாகப் பதில் சொன்னான். கேட்டவன் கரகந்தா நகரத்திலிருந்து வந்த படித்த கசாக்கு இளைஞன். சூளையில் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அவன் காதில் விழுந்திருந்தது. அவனுக்குப் பின்னால் சிகரெட்டைக் கடித்துக்கொண்டு நின்ற ருஷ்ய அதிகாரிக்கு எங்கள் பேச்சில் ஒரு சொல்லும் தெரியாது.

அவர்கள் தேடியது ஒரு ஜப்பானியனை. போர்க்கைதிகளையெல்லாம் ரயிலேற்றி ஊருக்கு அனுப்பியபோது சுரங்க முகாமில் ஓர் ஆள் குறைந்தது. அகப்பட்டால் அவனுக்கு மறுபடி முகாம். ஒளித்து வைத்தவர்களுக்கும் முகாம்.

கெஞ்சே என்றால் கடைக்குட்டி. செத்துப்போன என் புருஷனுடைய கடைசித் தம்பி என்று சூளையில் சொல்லி வைத்திருந்தேன். கொழுந்தன் பேரை அண்ணி வாயால் சொல்லக் கூடாது என்பது எங்கள் வழக்கம், அதனால் சொந்தப் பேர் என்ன என்று ஒருத்தியும் கேட்கவில்லை. நம்பினார்களா என்று நானும் கேட்கவில்லை.

முகம் எங்கள் முகம் மாதிரிதான். முகம் பெரிய விஷயமில்லை. பேச்சு?

சுரங்கத்தில் நான் நிலக்கரியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த காலத்தில் அவன் கைதியாக வண்டி தள்ளினான். ஒருநாள் ரொட்டியைக் கடித்துப் பார்த்துவிட்டு “கட்டாய்” என்றான். நானும் என் ரொட்டியைக் கடித்துவிட்டு “கட்டி” என்றேன். இரண்டுக்கும் ஒரே அர்த்தம், கெட்டி. அன்றைக்குத்தான் ஒருவரையொருவர் நிமிர்ந்து பார்த்தோம்.

அப்புறம் பார்த்தால் சொற்கள் அநேகமாக வேறு வேறு, சொல்லுகிற வரிசை ஒன்று. நான் ரொட்டி தின்றேன் என்போம். தின்பது கடைசியில்தான் வரும். ருஷ்யன் முப்பது வருஷம் இங்கே இருந்தாலும் முதலில் தின்றுவிட்டுத்தான் ரொட்டியைத் தேடுவான். கேள்வி என்றால் வாலில் ஒரு சின்ன ஒலியை ஒட்டினால் போதும். நாங்கள் ‘மா’ ஒட்டுவோம், அவர்கள் ‘கா’ ஒட்டுவார்களாம். வாசலைத் தாண்டும்போது போகிறேன் என்று சொல்லாமல் போய் வருகிறேன் என்று சொல்வதும் இரண்டிலும் உண்டு.

“உங்க பேச்சு எங்க வீடு மாதிரிதான் இருக்கு. சாமான்தான் வேற” என்பான்.

ஒரே குளிர்காலத்தில் குடிபுகுந்துவிட்டான். ரயில் கிளம்புகிற அன்று என் புருஷனின் கோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். போட்டுக்கொண்டு என்னோடு வந்துவிட்டான். அவ்வளவுதான்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் இடறுவான். அவர்கள் பேச்சில் ‘ல’ கிடையாது. எந்த ‘ல’வும் அவன் நாக்கில் ‘ர’ ஆகிவிடும். அதனால் ‘ல’ இல்லாத சொல்லாகப் பொறுக்கிப் பொறுக்கிப் பேசுவான். மொழிபெயர்ப்பாளன் காதைத் தீட்டிக்கொண்டு நின்றதும் அதற்காகத்தான்.

“பார்ஜான்” என்றான் கெஞ்சே.

பார் என்றால் இருக்கிறது. ஜான் என்றால் உயிர்.

மொழிபெயர்ப்பாளன் என்னிடம் வந்தான்.

“அக்கா, உங்க பேரை உங்க வாயால சொல்லுங்க.”

“பார்ஜான்.”

அடுத்து நின்ற ஷார்பத்திடம் போனான். வறட்டி திருடிவிட்டேன் என்று குளிர்காலம் முழுக்க என்னை ஏசியவள் அவள். என்னை ஒழித்துக்கட்ட இதைவிட நல்ல நாள் அவளுக்குக் கிடைக்காது.

“நீங்க சொல்லுங்க அக்கா, இவங்க பேரு என்ன?”

ஷார்பத் கைக் களிமண்ணைப் பாவாடையில் துடைத்தாள். அவசரப்படவில்லை.

“பார்ஜான். இவ புருஷன் உயிரோட இல்ல. என் புருஷன் இல்ல. என் பிள்ளைங்க ரெண்டு பேரும் இல்ல. இவ இருக்கா. அதான் பார்ஜான். என்ன தம்பி, காதுல களிமண்ணா உனக்கு?”

யாரோ சிரித்தார்கள். வரிசையின் கோடியிலிருந்து ஒருத்தி, யாரும் கேட்காமலேயே, “பார்ஜான்” என்றாள். அப்புறம் இன்னொருத்தி. அப்புறம் குனிந்து அச்சைத் தட்டிக்கொண்டே இன்னொருத்தி.

“என்னவாம்?” என்று அதிகாரி ருஷ்ய மொழியில் கேட்டான்.

மொழிபெயர்ப்பாளன் கெஞ்சேயிடம் ‘ல’ உள்ள இன்னும் ஒரே ஒரு சொல்லைக் கேட்டிருந்தால் போதும். கேட்பான் என்றுதான் நினைத்தேன். தொப்பியைக் கழற்றினான், வியர்வையைத் துடைத்தான், திரும்ப மாட்டிக்கொண்டான்.

“கசாக்குதான்” என்றான் அதிகாரியிடம். “அசல் கசாக்கு.”

வண்டி ஏறப் போனவன் என் பக்கம் திரும்பினான்.

“போயிட்டு வர்றேன், பார்ஜான் அக்கா.”

பேரைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னான்.

எனக்கு முடி நரைக்கத் தொடங்கிய பிறகு, வேலை செய்கிறவர்களுக்கென்று சூளையில் எழுத்துப் பள்ளி வைத்தார்கள். இடுப்பு வலியோடு போய் உட்கார்ந்தேன். ஆசிரியை என் அடையாளச் சீட்டை வாங்கிப் பார்த்து, என் பேரைப் பலகையில் எழுதி, அதே மாதிரி எழுதச் சொன்னாள்.

என் அம்மா வைத்த பேர். பால்ஜான். எங்கள் பேச்சில் பால் என்றால் தேன்.

நான் ‘ல’ வந்த இடத்தில் ‘ர’ போட்டேன்.

“தப்பா எழுதுறீங்களே, அக்கா” என்றாள்.

“வீட்டுல அவரு அப்படித்தான் கூப்பிடுவாரு” என்றேன். “இருக்கட்டும்.”