கிரீம் பன் விசாரணை

டிரைவிங் மாஸ்டர் கிரீம் பன்னை வாய்க்குள் திணித்த நேரம் பார்த்துத்தான் அவருடைய மகள் பேக்கரிக்குள் நுழைந்தாள்.

மாஸ்டர் சட்டென்று குளிர்பானப் பெட்டிக்குப் பின்னால் பதுங்கினார். ஆறடி ஆள். எவ்வளவு மடங்கினாலும் ஏதாவது ஒரு பக்கம் நீட்டிக்கொண்டுதான் இருந்தது.

பள்ளிச் சீருடையில் வந்த மகள் நேராகக் கடைக்காரரிடம் போனாள்.

"வழக்கமானதுதானே பாப்பா?" என்றார் அவர்.

வழக்கமானதா! மாஸ்டருக்குப் பன் தொண்டையில் அடைத்தது.

"ஆமாண்ணே, ஒரு கிரீம் பன். இந்த டப்பாவுக்குள்ளயே வெச்சுடுங்க."

மாஸ்டரால் விழுங்கவும் முடியவில்லை, கத்தவும் முடியவில்லை. 'இங்கே என்னடி பண்ற?' என்று கேட்டால், அவளும் அதையே திருப்பிக் கேட்பாளே!

மகளுக்குச் சீலியாக் நோய். கோதுமை, மைதா, பார்லி எதுவும் ஆகாது. துளி உள்ளே போனாலும் குடல் புண்ணாகிவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நோய் இதுதான் என்று கண்டுபிடிப்பதற்குள் பிள்ளை எலும்பும் தோலுமாகிப் போயிருந்தாள். இப்போதுதான் கன்னத்தில் கொஞ்சம் சதை தெரிகிறது.

"இனிமே இந்த வீட்டுல யாரும் கோதுமையைத் தொடக் கூடாது. அவளுக்கு இல்லாதது நமக்கும் வேண்டாம்" என்று அன்றைக்கே அம்மா சட்டம் போட்டுவிட்டாள்.

"வீட்டுல என்ன, வெளியிலயும் தொட மாட்டேன்!" என்று மாஸ்டர் ஒரு படி மேலே போய் மார்தட்டினார். அந்த வீராப்பு இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை.

சரி, அவர் தின்றால் தொப்பை விழும். அவள் தின்றால்? மகள் கடையை விட்டு இறங்கியதும், அடுத்த தெருவில் நிறுத்தியிருந்த காரை நோக்கி மாஸ்டர் ஓடினார்.

கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் நாள் முழுக்க "மெதுவா, மெதுவா!" என்று தொண்டை கிழியக் கத்துகிற மனிதர், அன்று பறந்து வந்து மகளுக்கு முன்னால் வீட்டு வாசலில் நின்றார்.

"பையைத் திற."

"எதுக்குப்பா?"

"திறடின்னா திற!"

சத்தம் கேட்டு அம்மா ஓடி வந்தாள். மகளின் தோளில் தொங்கிய பையைப் பார்த்ததும் முகம் ஒரு மாதிரி ஆயிற்று.

"பிள்ளை இப்பத்தான் வந்திருக்கா. வாசல்ல நிக்க வெச்சு ஏன் படுத்துறீங்க?"

"ஏனா? இவ பையில கிரீம் பன் இருக்கு!"

மகள் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எத்தனை நாளா தின்னுற?" மாஸ்டரின் குரல் உடைந்தது. "ஆஸ்பத்திரிக் கட்டில்ல நீ சுருண்டு கிடந்ததை இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பு இல்லம்மா."

"நான் தின்னலப்பா. சத்தியமா."

"பின்னே யாரு தின்னா?"

மகள் தரையைப் பார்த்தாள். அம்மா குறுக்கே புகுந்தாள்.

"அவ பையில பன் இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மாஸ்டர் திருதிருவென்று விழித்தார். "அது... வாசனை வருதே!"

"மூடி போட்ட டப்பாவுக்குள்ள இருக்கிற பன்னு உங்களுக்கு மட்டும் வாசனை அடிக்குதாக்கும்?"

"டப்பாவுல இருக்குன்னு நான் சொல்லவே இல்லையே!"

அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அந்தப் பன்னு எனக்குத்தாங்க" என்றாள் அம்மா, காற்றுப் போன குரலில். "தினமும் மொட்டை மாடிக்குப் போய்..."

"அம்மா கேக்கலப்பா, நானாத்தான் வாங்கிட்டு வந்தேன்" என்று மகள் அவசரமாகக் குறுக்கிட்டாள். "தூக்கத்துல 'பன்னு, பன்னு'ன்னு ஒரே புலம்பல். எனக்கு ஆகாதுன்னா அவங்க ஏன் ஏங்கிச் சாகணும்? மூடின டப்பா மூடினபடி மாடிக்குப் போயிடும். சாப்பிட்டு முடிச்சு அங்கயே டப்பா, கை, வாய் எல்லாம் கழுவினாத்தான் கீழே இறங்கவே விடுவேன்."

மாஸ்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே போன வீராப்பும் வந்துவிட்டது.

"சே! பெத்த பொண்ணுக்காக உன்னால ஒரு பன்னை விட முடியல? சட்டம் போட்டதே நீதானே! நாக்கை அடக்கத் தெரியாதவளுக்குச் சட்டம் ஒரு கேடா? என்னைப் பாரு! வாயைக் கட்டிக்கிட்டு நான் இருக்கல?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

அம்மா சமையலறைக்குள் போய்விட்டாளா என்று மகள் எட்டிப் பார்த்தாள். பிறகு அப்பாவின் காதருகே வந்து மெதுவாகக் கேட்டாள்:

"கடை வாசல்ல இன்னைக்குக் கார் நிறுத்த இடம் கிடைக்கலையாப்பா? நம்ம கார் நின்னிருந்தா, நீங்க நிம்மதியா சாப்பிட்டுக் கிளம்புற வரைக்கும் தினமும் மாதிரி எதிர்ப்பக்கமே காத்துக்கிட்டு நின்னிருப்பேனே!"